சென்னை மேயர் பதவி, வரலாறும் அதிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவில் மழைநீர் தேங்கினாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும், பஸ் நேரத்துக்கு வராவிட்டாலும் சென்னையில் பலரும் மேயரைத்தான் குறை சொல்கிறார்கள். இவற்றில் ஒன்று மட்டுமே அவருடைய பொறுப்பு. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பழமையான இந்தப் பதவி எப்படி உருவானது, எப்படித் தேய்ந்தது, இன்று அதன் எல்லை எதுவரை என்பதைத் தெரிந்துகொண்டால், கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டியவரிடம் கேட்கலாம்.

சென்னைக்கு முதல் மேயர் எப்போது வந்தார்?

1688 செப்டம்பர் 29 அன்று. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1687 டிசம்பர் 30 தேதியிட்டு வழங்கிய சாசனத்தின்படி, புனித ஜார்ஜ் கோட்டையில் அன்று மாநகராட்சி தொடங்கப்பட்டது. இங்கிலாந்தில் அப்போது இரண்டாம் ஜேம்ஸ் மன்னர். முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் நத்தானியல் ஹிக்கின்சன். பிரிட்டனுக்கு வெளியே காமன்வெல்த் நாடுகளிலேயே மிகப் பழைய மாநகராட்சி என்ற பெருமை சென்னைக்கு இதனால்தான் கிடைத்தது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மேயர் வந்தது 1726ஆம் ஆண்டு சாசனத்துக்குப் பிறகுதான்.

அப்போது இங்கே ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே பெயர் சூட்டிக்கொண்ட அதே யேல். அவரும் சரி, ஹிக்கின்சனும் சரி, அமெரிக்கக் குடியேற்றங்களில் பிறந்தவர்கள். ஹிக்கின்சன் சில மாதங்களிலேயே மேயர் பதவியை விட்டு விலகினார். பிறகு 1692இல் யேலுக்கு அடுத்த ஆளுநரானார்.

வியாபாரம் செய்ய வந்த கம்பெனிக்கு மேயர் எதற்கு?

வரிக்காக. கோட்டைச் சுவரைப் பலப்படுத்தவும் காவலுக்கும் ஆன செலவை ஊர் மக்கள் தலையில் கட்டக் கம்பெனி முயன்றது. மக்கள் மறுத்தார்கள், கடையடைப்பு வரை போனது. லண்டனில் கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜோசையா சைல்டு கண்டுபிடித்த வழிதான் மாநகராட்சி. நாம் அதிகாரத்தைக் காட்டி ஆறு பென்ஸ் கேட்டால் தரமாட்டார்கள். அவர்களே கூடித் தங்களுக்கு வரி விதித்துக்கொண்டால் அதைப்போல் பத்து மடங்கான ஐந்து ஷில்லிங்கூட மனமுவந்து தருவார்கள் என்பது அவருடைய வாதம்.

ஆகவே மேயருடன் 12 ஆல்டர்மேன்களும் (மூத்த உறுப்பினர்கள்) 60 பர்ஜெஸ்களும் (நகரப் பிரதிநிதிகள்) கொண்ட அமைப்பு உருவானது. ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர் மட்டுமல்லாமல் போர்த்துகீசியர், யூத வணிகர், உள்ளூர் இந்து வணிகர் ஆகியோரும் இருந்தார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இத்தனை இனத்தார் ஒரே மேசையில் அமர்ந்தது அரிய செய்தி. ஆனால் சைல்டின் கணக்கு தப்பியது. ஆல்டர்மேன்கள் சேர்ந்து விதித்தாலும் வரியை மக்கள் விரும்பவில்லை. சாசனம் கனவு கண்ட நகர மண்டபமும் பள்ளியும் உடனே எழவில்லை.

அந்தக் கால மேயரின் வேலை என்ன?

பெரும்பகுதி நீதிபதி வேலை. மேயரும் ஆல்டர்மேன்களும் சேர்ந்ததே மேயர் நீதிமன்றம். சிவில், கிரிமினல் வழக்குகள் இரண்டும் அங்கே விசாரிக்கப்பட்டன. 1726ஆம் ஆண்டு சாசனம் அந்த நீதிமன்றத்தைத் திருத்தி அமைத்தது. மேயருடன் 9 ஆல்டர்மேன்கள் என்று எண்ணிக்கை குறைந்தது. 1798இல் மேயர் நீதிமன்றத்தின் இடத்தில் ரெக்கார்டர் நீதிமன்றம் வந்தது, 1801இல் சென்னைக்கென்றே ஓர் உச்ச நீதிமன்றம் வந்தது. நீதி வழங்கும் வேலை போனபின் மேயர் பதவிக்கு வேலையே இல்லாமல் போனது.

அப்படியானால் 1688 முதல் தொடர்ச்சியாக மேயர்கள் இருந்ததில்லையா?

இல்லை. பலர் தவறாக நினைப்பது இங்கேதான். மாநகராட்சியின் வயதுதான் மேயர் பதவியின் வயதும் என்று எண்ணிவிடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 1933 வரை, ஏறத்தாழ 130 ஆண்டுகள், சென்னையில் மேயர் என்று ஒருவர் கிடையாது. ஜஸ்டிஸ் ஆஃப் பீஸ் என்ற நீதித்துறை அலுவலர்கள் வரி வசூலித்துத் தெருக்களைப் பராமரித்தார்கள். பிறகு வந்த சட்டங்கள் நகரை டிவிஷன்களாகப் பிரித்து, கமிஷனர்களை நியமித்து, தலைவரையும் அரசே அமர்த்தியது. வைஸ்ராய் ரிப்பன் பிரபு 1882இல் உள்ளாட்சித் தீர்மானத்தைக் கொண்டுவந்த பிறகே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை மெல்ல மெல்ல விரிந்தது. 1913இல் கட்டி முடிக்கப்பட்ட மாநகராட்சித் தலைமையகத்துக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர் வந்தது அந்த நன்றியால்தான்.

பிட்டி தியாகராயர் சென்னையின் மேயரா?

அவர் மாநகராட்சியின் தலைவர். மேயர் என்ற பெயர் அப்போது இல்லை. பொறுப்பு ஏறத்தாழ அதுவே. 1919ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிச் சட்டம் மன்றமே தன் தலைவரைத் தேர்ந்தெடுக்க வழி செய்தது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் நீதிக்கட்சியின் சர் பிட்டி தியாகராயர்.

1920 செப்டம்பர் 16 அன்று அவர் தலைமையிலிருந்த மன்றம் ஒரு சிறிய தீர்மானத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. பசியோடு வரும் ஏழைப் பிள்ளைகளால் பள்ளியில் நிலைக்க முடியவில்லை என்பதே காரணம். பிற்காலத்தில் தமிழ்நாடு முழுவதும் பரவிய மதிய உணவுத் திட்டங்களின் முன்னோடி இந்த ஓர் அணா. ஒரு நகர மன்றத்தால் என்ன செய்துவிட முடியும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துச் சொல்வது இதைத்தான்.

மேயர் என்ற பெயர் எப்போது திரும்பி வந்தது?

1933இல். சட்டம் திருத்தப்பட்டு மாநகராட்சித் தலைவர் மேயரானார். அந்த வரிசையில் முதலாமவர் குமாரராஜா எம்.ஏ. முத்தையா செட்டியார். அந்த நாளில் மேயரின் பதவிக்காலம் ஓராண்டு மட்டுமே. மன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஓராண்டில் ஒருவரால் பெரிதாக எதையும் தொடங்கி முடிக்க முடியாது என்பது அதன் குறை. பல தரப்பினருக்கும் வாய்ப்புக் கிடைத்தது அதன் நிறை. தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937இல் மேயரானார். பின்னாளில் அவர் சென்னை சட்டமன்றத்தின் சபாநாயகரானார். அதே சமூகத்தைச் சேர்ந்த என். சிவராஜ் 1945இல் மேயரானார்.

ஓராண்டுப் பதவியில் நிலைத்த காரியம் எதையாவது யாராவது செய்திருக்கிறார்களா?

சத்தியமூர்த்தி செய்திருக்கிறார். விடுதலைப் போராட்ட வீரரான அவர் 1939இல் மேயரானபோது நகரம் குடிநீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கிய நேரம். புதிய பணி எதற்கும் பணம் ஒதுக்க ஆங்கில அரசு தயங்கிய நேரம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் நீர்த்தேக்கம் கட்டியே ஆக வேண்டும் என்று அவர் விடாமல் வாதாடி அரசை இணங்க வைத்தார். 1940இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1944இல் நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை, 1943இலேயே மறைந்துவிட்டார். சத்தியமூர்த்தி சாகர் என்று அதற்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. இன்றும் சென்னையின் குடிநீர் ஆதாரங்களில் பூண்டி ஒன்று.

பூண்டியைக் கட்டும் அதிகாரம் சத்தியமூர்த்திக்கு இல்லை, பணமும் இல்லை. நகரத்தின் பெயரால் அரசிடம் பேசும் தகுதி மட்டும் இருந்தது. அதை அவர் முழுமையாகப் பயன்படுத்தினார். மேயர் பதவியின் பலம் சட்டப் பிரிவுகளில் இருப்பதைவிட இப்படிப்பட்ட பேச்சில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பெண் மேயர்கள் எத்தனை பேர்?

மூவர். 1956இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன், 2022இல் ஆர். பிரியா. தாரா செரியனின் கணவர் டாக்டர் பி.வி. செரியனும் முன்னதாக மேயராக இருந்தவர். 2022இல் சென்னை மேயர் பதவி தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. 74ஆவது வார்டிலிருந்து தேர்வான பிரியா அவ்வாண்டு மார்ச் 4 அன்று, 28 வயதில் மேயரானார். இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் தலித் பெண் அவர். இன்று தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கப்படுகிறது. சென்னையின் 200 வார்டுகளுக்கும் இது பொருந்தும்.

1973 முதல் 1996 வரை மேயர் பெயர்ப் பட்டியலில் யாருமே இல்லையே, ஏன்?

மஸ்டர் ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) ஊழல் என்று பெயர்பெற்ற முறைகேட்டை அடுத்து, 1973 டிசம்பர் 1 அன்று மாநில அரசு மன்றத்தைக் கலைத்தது. தவறு செய்தவர்களைத் தண்டிப்பதும் புதிய மன்றத்தைத் தேர்ந்தெடுப்பதும் அடுத்தடுத்து நடந்திருக்க வேண்டியவை. தேர்தல் மட்டும் 23 ஆண்டுகள் நடக்கவில்லை. ஆட்சிக்குக் கட்சிகள் மாறி மாறி வந்தன, முதலமைச்சர்கள் மாறினார்கள், ரிப்பன் மாளிகையின் மன்றக் கூடம் மட்டும் காலியாகவே இருந்தது. அரசு நியமித்த தனி அலுவலர்களே மாநகராட்சியை நடத்தினார்கள்.

நகரம் மிக வேகமாக வளர்ந்த காலம் அது. ஏரிகள் குடியிருப்புகளாக மாறியதும் புறநகர்கள் பெருகியதும் அந்த இரண்டு பத்தாண்டுகளில்தான். அப்போது வார்டுதோறும் எழுந்து நின்று கேள்வி கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லை. குடிநீரும் கழிவுநீரும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனி வாரியத்துக்குப் போயின. நகரத் திட்டமிடலும் எழுபதுகளில் தனிக் குழுமத்துக்குப் போயிற்று. ஒரு தலைமுறை தன் நகரத்துக்கு மேயர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்பதையே மறந்து வளர்ந்தது. இதை நான் இந்த நகரத்துக்கு நேர்ந்த பெரிய இழப்பாகவே பார்க்கிறேன்.

அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த பிறகு, ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நகராட்சித் தேர்தல் நடத்துவது கட்டாயமானது. 1996இல் தேர்தல் நடந்தது. மு.க. ஸ்டாலின் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயரானார். மெட்ராஸ் அதிகாரப்பூர்வமாகச் சென்னையானதும் அதே ஆண்டுதான்.

மேயரை நேரடியாக நாம் தேர்ந்தெடுக்கிறோமா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்களா?

இப்போதைய முறையில் கவுன்சிலர்கள். ஆனால் இந்தக் கேள்விக்கான பதில் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கிறது. 1996, 2001 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006இல் கவுன்சிலர்கள் மா. சுப்பிரமணியனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011இல் மீண்டும் நேரடித் தேர்தல். சைதை துரைசாமி வென்றார். 2016இல் மறைமுகத் தேர்தலுக்குச் சட்டம் வந்தது. 2018இல் நேரடித் தேர்தலுக்குத் திரும்பினார்கள். 2019 நவம்பரில் அவசரச் சட்டம் மூலம் மறுபடியும் மறைமுகத் தேர்தல். 2022 தேர்தல் அந்த முறையில்தான் நடந்தது.

நேரடியாகத் தேர்வான மேயருக்கு நகரமே வாக்களித்திருக்கும். ஆனால் மன்றத்தில் அவருக்குப் பெரும்பான்மை இல்லாமல் போகலாம். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தவருக்கு மன்றம் ஒத்துழைக்கும். ஆனால் வாக்காளர் தன் வார்டுக்கு ஓட்டுப் போடும்போது யார் மேயராவார் என்றே தெரிந்திருக்காது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எதையாவது ஒன்றைத் தேர்ந்து அதில் நிலைத்து நிற்காததுதான் தவறு. என்னைக் கேட்டால், நகரம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவரை நகரமே தேர்ந்தெடுப்பதுதான் சரி.

2001இல் வென்ற மேயர் ஏன் பதவியை முடிக்கவில்லை?

ஒருவரே எம்.எல்.ஏ.வாகவும் மேயராகவும் இருக்கக் கூடாது என்று 2002இல் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதனால் ஸ்டாலின் மேயர் பதவியை விட்டார். துணை மேயர் கராத்தே தியாகராஜன் பொறுப்பைக் கவனித்தார்.

மேயர் பெரியவரா, ஆணையர் பெரியவரா?

மன்றத்தில் மேயர், நிர்வாகத்தில் ஆணையர். ஆணையர் மாநில அரசு நியமிக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஊழியர்கள், ஒப்பந்தங்கள், அன்றாடச் செலவுகள் எல்லாம் அவர் கையில். மேயர் மாமன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், பணிகளை ஆய்வு செய்கிறார், அறிக்கை கேட்கிறார். பட்ஜெட்டும் முக்கியமான தீர்மானங்களும் மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். பணிகள், கல்வி, சுகாதாரம், நகரமைப்பு, வரிவிதிப்பு, கணக்கு ஆகியவற்றுக்கு நிலைக்குழுக்கள் உண்டு. 15 மண்டலங்களுக்கும் மண்டலக் குழுத் தலைவர்கள் உண்டு.

மன்றத் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் மாநில அரசால் முடியும். வரி விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வை முதலில் அறிவித்தது மாநில அரசு. மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது அதற்குப் பிறகு. 1919ஆம் ஆண்டுச் சட்டம் போய், தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 என்ற பொதுச் சட்டம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த அடிப்படை மாறவில்லை.

எதற்கெல்லாம் மாநகராட்சியைக் கேட்கலாம், எதற்குக் கேட்க முடியாது?

குப்பை, தெருவிளக்கு, மழைநீர் வடிகால், கொசு ஒழிப்பு, பூங்கா, மயானம், மாநகராட்சிப் பள்ளி, ஆரம்ப சுகாதார மையம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், அம்மா உணவகம் ஆகியவை மாநகராட்சியைச் சேர்ந்தவை. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. காவல்துறை மாநில அரசின் கீழ்.

சாலைகளில்தான் குழப்பம் அதிகம். உங்கள் தெருவும் பெரும்பாலான பஸ் போகும் சாலைகளும் மாநகராட்சியுடையவை. அண்ணா சாலை போன்ற பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. ஒரு தெருவில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று வையுங்கள். சாலை மாநகராட்சியுடையது, பள்ளத்தைத் தோண்டியது குடிநீர் வாரியம், பக்கத்தில் கேபிள் புதைத்தது மின்வாரியம். மூன்று அலுவலகங்களும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். மூவரையும் ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் சென்னை மேயருக்குச் சட்டப்படி இல்லை. நகரத்தின் முதல் குடிமகன் என்று அழைக்கப்படுபவருக்கு இந்த ஓர் அதிகாரமாவது வேண்டும்.

லண்டன் மேயருக்கு இருக்கும் அதிகாரம் நம் மேயருக்கு ஏன் இல்லை?

1688இல் லண்டன் மாதிரியைப் பார்த்துத்தான் இங்கே மேயர் பதவி ஏற்படுத்தப்பட்டது. ஆனால் இன்று நாம் செய்திகளில் பார்க்கும் லண்டன் மேயர் வேறு. அது 2000இல் உருவான புதிய பதவி. நகர மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவரிடம் போக்குவரத்தும் நகரத் திட்டமிடலும் இருக்கின்றன, காவல்துறை மீது மேற்பார்வையும் இருக்கிறது. பழைய லார்டு மேயர் பதவி தனியே தொடர்கிறது. இங்கேயோ அந்தத் துறைகள் மாநில அரசிடமே இருக்கின்றன. 74ஆவது திருத்தத்தோடு வந்த 12ஆவது அட்டவணை 18 பணிகளைப் பட்டியலிட்டு, அவற்றை நகராட்சிகளுக்குத் தரலாம் என்று சொல்கிறது. தந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

மேயர் அணியும் அங்கியும் செங்கோலும் எங்கிருந்து வந்தவை?

முதல் சாசன காலத்திலிருந்து. மேயரும் ஆல்டர்மேன்களும் சிவப்புக் கம்பளி அங்கியும், பர்ஜெஸ்கள் வெண்ணிறச் சீனப்பட்டும் அணிய வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. சென்னை வெயிலில் கம்பளி அங்கியோடு ஊர்வலம் போயிருக்கிறார்கள். முன்பு வணக்கத்திற்குரிய மேயர் என்று அழைத்தார்கள். இப்போது மாண்புமிகு மேயர்.

மேயருக்குச் சம்பளம் உண்டா?

மதிப்பூதியம் உண்டு. 2023இல் அறிவிக்கப்பட்டபடி மாநகராட்சி மேயருக்கு மாதம் 30,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, கவுன்சிலருக்கு 10,000.

ஷெரீப்பும் மேயரும் ஒருவரா?

இல்லை. ஷெரீப் நீதிமன்றத்தோடு தொடர்புடைய பதவியாகத் தொடங்கி, பின்னாளில் விழாக்களில் விருந்தினரை வரவேற்கும் கௌரவப் பதவியானது. இப்போது அது சென்னையில் இல்லை.

2016 முதல் 2022 வரை என்ன நடந்தது?

2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. பழங்குடியினர் இடஒதுக்கீடு தொடர்பான வழக்கில் தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, அடுத்தடுத்த வழக்குகள், கொரோனா என்று நாள் தள்ளிப்போய், 2022 பிப்ரவரி 19 அன்றுதான் வாக்குப்பதிவு நடந்தது.

இடையில் ஆணையரே தனி அலுவலர். திட்டத்தை முன்வைப்பவரும் அவர், மன்றத்தின் இடத்தில் இருந்து ஒப்புதல் தருபவரும் அவர். தனிமனிதராக எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், தன்னைத் தானே கேள்வி கேட்டுக்கொள்ள ஓர் அலுவலகத்தால் முடியாது. 2020இல் தெருத்தெருவாகத் தகரம் வைத்து அடைத்தபோது, அந்தத் தெருவுக்குப் பாலும் மருந்தும் யார் கொண்டுவருவது என்று கேட்க ஒரு வார்டுக்குக்கூடக் கவுன்சிலர் இல்லை.

மாமன்றக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

திருக்குறளோடு தொடங்குவது வழக்கம். பிறகு கேள்வி நேரம். கவுன்சிலர் எழுந்து தன் வார்டின் குறையைச் சொல்வார். மேயரோ நிலைக்குழுத் தலைவரோ பதில் சொல்வார். அடுத்து, முன்னறிவிப்பின்றி அவசரப் பிரச்சினைகளை எழுப்பும் நேரமில்லா நேரம், கடைசியில் தீர்மானங்கள். செய்திகளில் வருவது வெளிநடப்பும் கூச்சலும்தான். கேள்வி நேரத்தைக் கவனித்தால் நகரத்தின் உண்மையான நிலை தெரியும்: எந்த வடிகால் பாதியில் நிற்கிறது, எந்தப் பள்ளியில் கழிப்பறை இல்லை, எந்த மயானத்தில் எரிவாயுத் தகன மேடை பழுதாகிக் கிடக்கிறது.

சாதாரணக் குடிமக்கள் மேயரை எப்படி அணுகலாம்?

அன்றாடக் குறைகளுக்கு 1913 என்ற எண்ணை அழைத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே குறை தீராவிட்டால் அந்த எண்ணோடு உங்கள் வார்டு கவுன்சிலரிடம் எழுத்தில் கொடுங்கள். மன்றத்தில் கேட்க அவருக்கு அதுதான் ஆதாரம். 2023இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மேயர்’ முகாம்களில் மேயர் மண்டலவாரியாக மனுக்களை நேரில் வாங்குகிறார். வார்டுதோறும் அப்பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகளும் அமைக்கப்பட்டிருக்கின்றன. அவை பலருக்கும் தெரிவதில்லை. கூட்டம் எப்போது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் கேளுங்கள்.

அடுத்த மாநகராட்சித் தேர்தல் எப்போது?

மன்றத்தின் ஐந்து ஆண்டுகள் அதன் முதல் கூட்டத்திலிருந்து எண்ணப்படும். 2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்கு முன்பே தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 243-யு பிரிவு. வார்டு எல்லையும் இடஒதுக்கீடும் கடைசி நேரத்தில் வழக்குக்குப் போகாமலிருக்க, அவற்றின் வரைவுகளை முன்கூட்டியே வெளியிட்டு ஆட்சேபங்களைக் கேட்டு முடிக்க வேண்டும். வரைவு வந்ததும் உங்கள் தெரு எந்த வார்டில் வருகிறது என்று பாருங்கள். ஆட்சேபம் இருந்தால் கெடு தேதிக்குள் எழுதிக் கொடுங்கள்.